ஒரு கட்டமும் இரண்டு கால்களும்

முதல் டேட்டாபேஸ் டிசைனை வரைந்து முடித்த பெருமையில் காபி குடித்துக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளே, கொஞ்சம் பொறுங்கள். அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டிவிடாதீர்கள். நான் ஒட்டினேன். நாலு வருஷம் தினமும் காலையில் அதைப் பார்த்து ரசித்தேன். பிறகு ஒரு நாள் அதைக் கிழிப்பதற்கு ஸ்டூல் போட்டு ஏறினேன். ஐம்பது வயதுக்கு மேல், முழங்கால் வலியோடு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சொந்த அறிவாளித்தனத்தைச் சுவரிலிருந்து சுரண்டி எடுப்பது எவ்வளவு அசிங்கமான வேலை என்று உங்களுக்குத் தெரிய வேண்டாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் சுகுணா. பிறந்தது வாலாஜாபேட்டை, குடியிருப்பது வேலூர், இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தது ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையில். போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். அங்கே எனக்குக் கம்ப்யூட்டர் மேடம் என்றுதான் பெயர். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், யாருடைய வாட்ஸ்ஆப்பில் கல்யாண போட்டோ திறக்கவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நடுநடுவே டேட்டாபேஸும் எழுதினேன்.

என் புத்திக்கூர்மைக்கு முதலில் ஒரு சின்ன சாம்பிள். ஊழியர் விவரங்களுக்கு டேபிள் போட்டபோது பிறந்த தேதியைக் கட்டாயமாக்கினேன். அது இல்லாமல் ஸ்க்ரீன் நகராது. எல்லோருக்கும் பிறந்த தேதி உண்டு, இதில் என்ன யோசனை என்பது என் எண்ணம். பார்த்தால் பாதிப் பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் உத்தேசமாகப் போட்ட தேதி அது, அவர்களுக்கு வேறு தேதி தெரியாது. நான் அதைப் பற்றி யோசித்தேனா? இல்லை. தானாகப் பிறந்தநாள் வாழ்த்து போகிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதினேன். அந்த ஜூன் ஒன்றாம் தேதி கான்டீனில் கேசரி தீர்ந்துபோனது. நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்குச் சிரிக்காமல் கொஞ்சம் யோசித்திருந்தால், இப்போது சொல்லப்போகிற கதை நடந்தே இருக்காது.

ஷூவைப் பற்றி இரண்டு விஷயம் மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று, தோல் லாட் லாட்டாக வரும். டேனரியில் ஒரே டிரம்மில் ஒன்றாகப் பதனிட்டு வந்த தோல்கள் ஒரு லாட். அதற்கு ஒரு நம்பர். கறுப்பு என்று பெயர்தானே தவிர, ஒரு லாட்டின் கறுப்பும் அடுத்த லாட்டின் கறுப்பும் ஒன்றாக இருக்காது. அதனால் ஒரு ஜோடியின் இடது காலையும் வலது காலையும் ஒரே லாட்டிலிருந்துதான் வெட்டுவார்கள், ஒற்றை ஷூவைக் கால் என்றுதான் சொல்வோம். இரண்டு, வெட்டித் தைத்து முடிப்பதற்குள் ஏதாவது ஒரு கால் அடிபடும். கோந்துக் கறை, ஊசிக் கீறல், ஏதாவது ஒன்று. அந்தக் காலைக் கழித்துவிடுவார்கள். மிஞ்சுகிற நல்ல கால் ஒத்தையாக நிற்கும்.

அந்த ஒத்தைகளுக்கென்று பேக்கிங்கில் வடக்கு ஜன்னல் ஓரமாக ஒரு ரேக் உண்டு. ரேக்குக்குப் பக்கத்தில் மும்தாஜ். பேரணாம்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், அங்கே இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஒத்தைகளைப் பகல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்த லாட்டின் இடதும் எந்த லாட்டின் வலதும் பார்வைக்கு ஒன்றாக இருக்கிறதோ அவற்றைச் சேர்த்து ஜோடியாக்குவது அவள் வேலை. டியூப் லைட்டில் ஜோடி சேர்க்கச் சொன்னால் கையைக் கட்டிக்கொள்வாள். டியூப் லைட்டில் எல்லாக் கறுப்பும் ஒரே கறுப்புதான் என்பாள். மேகம் போட்டால் அவளுக்கு லீவு விட்ட மாதிரி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது நாலு வருஷம் கழித்து. டேட்டாபேஸ் எழுதுவதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டும்.

எழுதுவதற்கு முன்னால் நான் செய்தது, ஏசி ரூமில் மீட்டிங் போட்டது. முதலாளி இருந்தார், புரொடக்‌ஷன் மேனேஜர் தனசேகர் சார் இருந்தார், முந்திரி பிஸ்கட் இருந்தது. தொழிலின் விதிகளைச் சொல்லுங்கள், அதை வைத்து டேபிள் போடுகிறேன் என்றேன். ஒரு ஜோடியில் இரண்டு காலும் ஒரே லாட்தானா என்று கேட்டேன்.

"எப்பவுமே ஒரே லாட்தான் மேடம்" என்றார் தனசேகர் சார்.

அவர் பொய் சொன்னார் என்று நினைக்காதீர்கள். பையர், அதாவது எங்கள் ஷூவை வாங்குகிற கம்பெனி, கொடுத்த விதிப் புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. முதலாளி முன்னால் உட்கார்ந்துகொண்டு, புத்தகத்தில் இருப்பது ஒன்று, மாசக் கடைசியில் நாங்கள் செய்வது ஒன்று என்று எந்த மேனேஜர் சொல்வார்?

சாம்பிளுக்குத் தனசேகர் சார் பேக்கிங் நோட்டின் பத்துப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வரச் சொல்லியிருந்தார். கொண்டுவந்தவள் மும்தாஜ். அதில் பெட்டி நம்பர், சைஸ், அப்புறம் இ என்று ஒரு கட்டம், வ என்று ஒரு கட்டம். இடது லாட், வலது லாட். அந்தப் பத்துப் பக்கத்திலும் இரண்டு கட்டத்திலும் ஒரே நம்பர். தனசேகர் சார் சுத்தமான பக்கமாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதுவது பாவம் என்று டேட்டாபேஸ் பாடத்தில் படித்தவள் நான். பாவத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம்.

"ஒரே நம்பரை இன்னாத்துக்கு ரெண்டு வாட்டி எழுதறீங்க, கை வலிக்கலயா?" என்று மும்தாஜைக் கேட்டேன். ரூமில் எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பழைய பழக்கம் மேடம், விடுங்க என்று தனசேகர் சார் முந்திக்கொண்டார். அவள் வாயை மூடிக்கொண்டு ஜெராக்ஸை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டேன். இதை எழுதும்போதுகூட எனக்கு வெட்கமாக இருக்கிறது. தெரியாதது தப்பில்லை. சொல்ல வந்த ஒருத்தியைச் சிரித்து அனுப்பினேன் பாருங்கள், அதுதான் தப்பு.

ஆக, ஜோடிக்கு ஒரு வரி, லாட்டுக்கு ஒரு கட்டம். படம் அழகாக வந்தது. நோட்டை ஒழித்தோம். சுவரில் ஒட்டியது அந்தப் படத்தைத்தான்.

நாலு வருஷம் எல்லாம் ஜோராக ஓடியது. ராணிப்பேட்டையில் இரண்டாவது யூனிட் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் உன் சாஃப்ட்வேர்தான், நீதான் இரண்டுக்கும் தலைமை என்று முதலாளி சொல்லியிருந்தார். நான் வீட்டில் விசிட்டிங் கார்டு மாதிரி வரைந்துகூடப் பார்த்துவிட்டேன்.

அப்போதுதான் அந்த ஸ்கூல் ஷூ ஆர்டர். ஆறாயிரம் ஜோடி, எல்லாம் சின்னப் பிள்ளைகள் சைஸ். பேக்கிங் முடிந்து குடோனில் அடுக்கியாகிவிட்டது. கன்டெய்னர் ஏற்றுகிற அன்று காலையில் பையரின் லேபிலிருந்து ரிப்போர்ட் வந்தது. நாற்பத்தேழாம் லாட் தோலில் குரோம் சிக்ஸ் இருக்கிறதாம். தோல் பதனிட குரோம் போடுவார்கள். அது சில சமயம் கெட்ட வகையாக மாறிவிடும், காலில் அரிப்பும் புண்ணும் வரவைக்கும். அதைத்தான் குரோம் சிக்ஸ் என்பார்கள். நாற்பத்தேழாம் லாட் ஜோடிகளை மொத்தமாக எடுத்துவிட்டால் மிச்சத்தை அனுப்பலாம், அந்த லாட்டில் ஒரு ஷூ தப்பிப் போனாலும் ஆர்டர் முழுக்க ரத்து என்று மெயில் போட்டிருந்தார்கள். சென்னையிலிருந்து அவர்களுடைய இன்ஸ்பெக்டர் பத்து மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்.

தொழிற்சாலையே கையைப் பிசைந்துகொண்டு நின்றது. நான் நிற்கவில்லை. என் சீட்டில் உட்கார்ந்து இரண்டு வரி தட்டினேன். முந்நூற்றெண்பது ஜோடி, எந்தெந்தப் பெட்டி, எந்தெந்த அடுக்கு, எல்லாம் லிஸ்டாக வந்தது. பெட்டிகளை எடுத்துத் தனியாக வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். இவ்வளவு வேகமாக எங்கேயும் பார்த்ததில்லை என்று என்னிடம் சொன்னார். நான் தன்னடக்கமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியும், கண்ணாடி முன்னால் பழகியதுதான்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து மும்தாஜ் என் ரூமுக்கு வந்தாள். நாலு வருஷத்தில் அவள் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. கதவைச் சாத்திவிட்டு நின்றாள்.

"மேடம், லிஸ்ட்ல வந்ததெல்லாம் சரி. வராத நாப்பத்தேழும் இருக்குது" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் பொறுமையாகச் சொன்னாள். இந்த ஆர்டரில் அவள் சேர்த்த ஜோடிகளில் இடது ஒரு லாட், வலது ஒரு லாட்டாக நிறைய உண்டு. என் ஸ்க்ரீன் ஒரு நம்பர்தான் கேட்கும். வலது காலின் நம்பரைப் போடுவாள். எப்போதுமே வலதுதான், நல்ல காரியத்துக்கு அதைத்தானே முதலில் எடுத்து வைப்போம் என்றாள். வலது நாற்பத்தேழாக இருந்த ஜோடி என் லிஸ்ட்டில் வந்துவிட்டது. இடது நாற்பத்தேழாக இருந்த ஜோடி, வேறு லாட்டின் பெயரில் நல்ல பிள்ளையாகக் குடோனில் உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். நாலு வருஷமாக என் டேட்டாபேஸில் பொய்யை எழுதியிருக்கிறாள். எப்படி நீ தப்பான நம்பரைப் போடலாம் என்று குரலை உயர்த்தினேன்.

"நீங்க ஒரு கட்டம்தான மேடம் வெச்சீங்க. ஷூவுக்கு ரெண்டு காலு. நான் எந்தக் காலை எழுதறது?"

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. பதில் தெரிந்தால் சொல்லுங்கள் என்கிற மாதிரி கேட்டாள். நான் சுவரைப் பார்த்தேன். அங்கே ஒட்டிய படத்திலும் ஒரு கட்டம்தான்.

இதை ஏன் இப்போது வந்து சொல்கிறாய், உன் வேலை போய்விடுமே என்றேன். லாட் கலந்து ஜோடி சேர்ப்பது பையர் புத்தகத்தின்படி குற்றம். பொய் என்ட்ரி போட்டவள் என்று மெமோ கொடுத்து அனுப்பினால், அவள் பஸ் பேரணாம்பட்டு போய்ச் சேருவதற்குள் அந்தச் செய்தி இந்தப் பக்கத்து எல்லாத் தொழிற்சாலைக்கும் போய்விடும். யாரும் சேர்க்க மாட்டார்கள். மகள் வேலூரில் நர்சிங் இரண்டாம் வருஷம். இதெல்லாம் என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"சின்னப் பசங்க போடற ஷூ மேடம். சொல்லாம ஊட்டுக்குப் போய்ட்டா சோறு எறங்காது" என்றாள்.

அவள் போன பிறகு பத்து நிமிஷம் நான் பிரிண்டருக்குப் பேப்பர் வைத்தேன். பிரிண்டரில் ஏற்கெனவே பேப்பர் நிறைய இருந்தது. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டாயிற்று. லாரி நாலு மணிக்கு. வாயை மூடிக்கொண்டிருந்தால் ராணிப்பேட்டை என்னுடையது. அவளும் என்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. எடுத்து வைத்த பேப்பரை மறுபடி எடுத்து மறுபடி வைத்தேன். நான் ரொம்ப நல்லவள் என்று சொல்ல இதை எழுதவில்லை. பத்து நிமிஷம் ஆயிற்று என்று சொல்லத்தான் எழுதுகிறேன். உங்களுக்கும் அப்படி ஒரு பத்து நிமிஷம் வரும். அப்போது பிரிண்டர் பக்கம் போகாதீர்கள்.

தனசேகர் சாரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. எப்படி இருக்கும்? மாசக் கடைசியில் ஒத்தைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, எப்படியாவது ஜோடி சேர்த்துவிடு என்று அவளிடம் அனுப்புகிறவரே அவர்தான்.

"இன்ஸ்பெக்டரே பாஸ் பண்ணிட்டாரு. நீங்க இன்னாத்துக்கு மேடம் பேஜார் பண்றீங்க?" என்றார்.

நேராக முதலாளி ரூமுக்குப் போனேன். மத்தியானத் தொழுகை முடித்து அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். நான் டேபிள், கட்டம், வலது, இடது என்று குழப்பிக் குழப்பிச் சொன்னேன். அவர் எதையும் கேட்கவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார், குழந்தைகள் ஷூவா என்று. ஆமாம் என்றேன். போனை எடுத்து லாரியை நிறுத்தச் சொன்னார்.

அடுத்த பிரச்சினை, எந்தப் பெட்டி? என் டேட்டாபேஸ் வாயைத் திறக்காது. ஆறாயிரம் பெட்டியைப் பிரித்தாலும் பயன் இல்லை, பேக் செய்த ஷூவைப் பார்த்து லாட் சொல்ல யாராலும் முடியாது. முதலாளி விஷயத்தைச் சொன்னதும் இன்ஸ்பெக்டர் தன் கையெழுத்தைத் தானே அடித்துவிட்டு, மொத்தத்தையும் ரத்து செய்ய மெயில் தட்ட ஆரம்பித்தார்.

எல்லோரும் குடோனில் நின்றிருந்தோம். மும்தாஜ் முன்னால் வந்து ஒரு பெட்டியை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள். அடிப்பக்கம் மூலையில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளிப் புள்ளி. தோலில் அடையாளம் வைக்க எல்லோரிடமும் சில்வர் பேனா இருக்கும், அதால் வைத்தது. பெட்டியைத் திறந்து இடது ஷூவை எடுத்தாள். பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தையை விரலால் தூக்கினாள். அதன் பின்பக்கத்தில், அதே பேனாவில், பொடி எழுத்தில் 47.

நாங்கள் நோட்டை ஒழித்ததும் அவள் நோட்டை அங்கே மாற்றிக்கொண்டாள். கலந்த ஜோடி என்றால் பெட்டி அடியில் புள்ளி, இடது காலின் லாட் நம்பர் மெத்தைக்கு அடியில். மெத்தை வைப்பதும் அவள் மேஜையில்தான், அதனால் யாருக்கும் தெரியவில்லை. இரண்டு காலும் நிறம் சேரவில்லை என்று ஷேடு கம்ப்ளெயின்ட் வந்தால் என்னைத்தானே கூப்பிடுவீர்கள், எதோடு எதைச் சேர்த்தேன் என்று எனக்குத் தெரிய வேண்டாமா என்றாள். என் டேட்டாபேஸில் நான் வெட்டி எறிந்த கட்டம் நாலு வருஷமாகக் யார் யாருடைய பாதத்துக்கோ அடியில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பேக்கப் சகிதம் என்றே சொல்லலாம்.

பேக்கிங் பெண்கள் எல்லோரும் சேர்ந்து மிச்சம் இருந்த அத்தனை பெட்டியையும் கவிழ்த்தார்கள். புள்ளி வைத்தது நூற்றுச் சொச்சம். அதில் இடது நாற்பத்தேழு முப்பத்தொன்று. நானும் கவிழ்த்தேன், என் முதுகு அதை இன்னும் மறக்கவில்லை. புள்ளி இல்லாத பெட்டிகளிலிருந்து இன்ஸ்பெக்டர் தானே சாம்பிள் பொறுக்கி லேபுக்கு அனுப்பினார். ரிப்போர்ட் வரும்வரை சரக்கு நகரக் கூடாது என்றார்.

ரிப்போர்ட் வரும்வரை மும்தாஜும் வரக் கூடாது என்றார் தனசேகர் சார். விசாரணை நடக்கும்போது சம்பந்தப்பட்டவர் உள்ளே இருக்கக் கூடாதாம். அவர் சம்பந்தப்படாதவர், அதனால் உள்ளே இருந்தார். நானும் இருந்தேன். நாலு நாள் வடக்கு ஜன்னல் ஓரத்தில் ஒத்தைகள் குவிந்துகொண்டே போயின. நல்ல வெயில் அடித்த நாட்கள், ஒரு மேகம் இல்லை. வேறு ஒருத்தியை உட்கார வைத்துப் பார்த்தார்கள். அவள் சேர்த்த ஜோடிகள் காக்காயும் குயிலும் மாதிரி இருந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அந்த நாலு நாளில்தான் ஸ்டூல் போட்டு ஏறினேன்.

ரிப்போர்ட் சுத்தமாக வந்தது. கூடவே பையரிடமிருந்து ஒரு படிவமும் வந்தது. எங்கே தவறு நடந்தது, எப்படித் திருத்துவீர்கள் என்று நிரப்பி அனுப்ப வேண்டும். அதை வைத்துத்தான் இங்கே நடவடிக்கை எடுப்பார்கள், ஆளை அனுப்புவதோ வைத்துக்கொள்வதோ. என் இங்கிலீஷ் கொஞ்சம் பரவாயில்லை என்பதால் என்னை எழுதச் சொன்னார்கள். முதலாளி ஒரு பக்கம், தனசேகர் சார் ஒரு பக்கம், நடுவில் நான். இந்தத் தடவை பிஸ்கட் இல்லை.

மூன்றாவது வரியில் கேள்வி, தவறுக்குப் பொறுப்பானவர் பெயர். அதற்கு ஒரே ஒரு கட்டம்.

பேக்கிங் மும்தாஜ், தவறான பதிவு என்று எழுதச் சொன்னார் தனசேகர் சார். சாதாரணமாகத்தான் சொன்னார், காப்பிக்குச் சர்க்கரை போடச் சொல்கிற மாதிரி. நான் பேனாவை வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒத்தைகளை அனுப்பியவர் ஒருத்தர், எப்பவுமே என்று சொன்னவர் அவரே, இடம் வைக்காதவள் நான், கடைசியில் கையில் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். இத்தனை காலுக்கும் ஒரு கட்டம். படிவத்தை டிசைன் செய்தவர் யாரோ, என் சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

"சார், மும்தாஜ் தப்பா எழுதல. சரியா எழுதறதுக்கு நான் எடம் வைக்கல" என்றேன்.

தனசேகர் சார் தன் ஷூவைக் குனிந்து பார்த்துக்கொண்டார். நான் கட்டத்தில் என் பெயரை எழுதினேன். இது உன் ஃபைலுக்கும் போகும் அம்மா, தெரிந்துதான் எழுதுகிறாயா என்று முதலாளி கேட்டார். தெரியும் சார் என்றேன். அவர் என்னையும் தனசேகர் சாரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணை நாளைக்கு வரச் சொல்லுங்கள் என்றார்.

எனக்கு ஒரு மெமோ வந்தது, அந்த வருஷ இன்கிரிமென்ட் போனது. ராணிப்பேட்டை யூனிட்டைச் சென்னைக் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அப்போது அழுகையே வந்தது, அதை மறைக்கப் போவதில்லை. ஆறு மாசம் கழித்துப் போய்ப் பார்த்தேன். அவர்கள் சாஃப்ட்வேரிலும் ஜோடிக்கு ஒரு லாட் கட்டம்தான். அதைப் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டு வரை சிரித்துக்கொண்டே நடந்தேன். பிறகு திரும்பிப் போய், அவர்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

ஆம்பூரில் டேபிளைப் புதிதாகப் போட்டேன், இந்தத் தடவை ஜன்னல் ஓரத்தில் மும்தாஜ் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து. ஒவ்வொரு காலுக்கும் ஒரு வரி. ஜோடி என்பது பிற்பாடு நடக்கிற ஒரு சம்பவம், நடக்காமலும் போகலாம். ஒத்தையாகவே இருக்க ஒரு ஷூவுக்கு உரிமை உண்டு. எந்த லாட் எந்த லாட்டோடு சேரும், எது ஜென்மத்துக்கும் சேராது என்பது அவள் மண்டையில் இருந்தது. அதற்கும் ஒரு டேபிள் போட்டோம். பையரிடமும் உள்ளதைச் சொன்னோம். இரண்டு காலின் நம்பரையும் பதிவு செய்தால் கலந்து சேர்க்கலாம் என்று புத்தகத்தையே மாற்றினார்கள். கேட்டிருந்தால் நாலு வருஷம் முன்னாலேயே மாற்றியிருப்பார்களோ என்னவோ, நாங்கள் கேட்கவே இல்லை.

நீங்கள் இதிலிருந்து எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். மீட்டிங்கில் யாராவது எப்பவுமே என்று சொன்னால் பேனாவை மூடிவிட்டு, அந்த வேலையைக் கையால் செய்கிறவரிடம் போய் உட்காருங்கள். டேட்டாவில் பொய்யைப் பார்த்தால் எழுதிய ஆளைத் தேடுவதற்கு முன்னால், உண்மையை எழுத அங்கே இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள் யாரும் பொய்யர்கள் இல்லை.

அந்தப் படிவத்தைப் பற்றி இன்னும் ஒன்று இருக்கிறது. பையருக்கு ஸ்கேன் செய்து அனுப்பிய பிறகு அசல் தாள் என்னிடம் இருந்தது, ஃபைலில் போட வேண்டும். மறுநாள் காலை மும்தாஜ் வேலைக்கு வந்ததும், உன் சில்வர் பேனாவைக் கொஞ்சம் கொடு என்று வாங்கினேன். தாளைக் கவிழ்த்து, பின்பக்க மூலையில் பொடி எழுத்தில் எழுதினேன். இடது கால், தனசேகர். ஸ்கேன் செய்தது முன்பக்கம் மட்டும்தான். ஃபைல் இன்னும் அங்கே பீரோவில் இருக்கிறது, அவரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

மும்தாஜ் தாளை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். முன்பக்கம் என் பெயரைப் பார்த்தாள், திருப்பி அவர் பெயரைப் பார்த்தாள், மறுபடி என் பெயரைப் பார்த்தாள். ஒத்தைகளைப் பார்க்கிற அதே பார்வை.

"இன்னா மேடம், இந்த ஜோடி ஷேடு சேரலயே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.